உறைக்குள் ஈரம்

அத்தியாயம் ஏழு

என் கணவரைக் கொன்ற கத்தியின் உறை, அவர் போன ஒன்பதாம் நாள் காலையில், எங்கள் சாமியறையில் அதன் பழைய ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள்தான் எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்திருந்தது. கூட்டுவதற்காக விளக்குமாற்றோடு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டேன். எட்டு நாளும் அந்த ஆணி வெறுமையாக இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். உறங்காமல் கிடந்த நேரங்களில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஆணியைத்தான்.

ஒரு முழ நீளமான மர உறை. இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டி, வாயில் பித்தளை வளையமும் நுனியில் பித்தளைக் குப்பியும் போட்டது. எங்கள் அம்மன் கோயில் குத்துவாளுக்குரியது. வைகாசியில் கோயில் கதவு திறப்பதற்கு முன்னால் கத்தியையும் உறையையும் துப்புரவு செய்வது என் கணவர் உதயரூபனின் வேலை. அவருடைய தாய்வழியில் வந்த உரிமை. அதற்காக வருடத்தில் பத்து நாள் மட்டும் இரண்டும் எங்கள் வீட்டுக்கு வரும்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் கத்தியை உறையோடு எடுத்துக்கொண்டு கோயிலடிக்குப் போய்வருகிறேன் என்று போனவரை, மறுநாள் வாவியில் கண்டல் மர வேர்களுக்குள் கண்டெடுத்தார்கள். கத்தியைப் பொலிஸார் என் தம்பி நிலோஜனுடைய தோணியில் அடிப்பலகைக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு வலை விசயமாக அவனும் இவரும் பெரியகல்லாற்றுச் சந்தையில் சத்தம் போட்டுக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது. தம்பி மறியல் சிறையில் இருந்தான். நாளைக்கு அவனுக்குக் கோட்டில் வழக்குத் தவணை.

உறையை மட்டும் எவரும் காணவில்லை. பொலிஸார் எங்கள் வீட்டை இரண்டு தரம் கிளறிவிட்டுப் போனார்கள். இப்போது அது என் வீட்டு ஆணியில். கண்டால் என்ன சொல்வார்கள் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்த வேலை என்பார்கள். அதை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. முந்தின நாள் சனம் கலைந்த பிறகு, நான் இருக்கும்போதே, அந்தக் கொலையை அறிந்த ஒருவர் என் சாமியறைக்குள் வந்து போயிருக்கிறார். ஆணி எதுவென்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கதவைத் தாழிட்டுக்கொண்டு செசீலியா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

மிஸ் மட்டக்களப்பு நகரத்தில் முப்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். நிலோஜனைப் பிடித்த அன்றே நான் போய் நின்றது அவருடைய வாசலில்தான். அவர் போகுமிடமெல்லாம் கூட வருகிறவர் காத்தான்குடி உசனார். ஓட்டோ ஓட்டுகிறவர், ஐம்பது வயதுக்காரர். மிஸ்ஸுக்கு அவர் சாரதியா உதவியாளரா என்று நான் முதல் நாள் கேட்டபோது, அவரே விளக்கம் சொன்னார்.

“மிஸ் முப்பது வருசமா மூணு பாசையில பொய் கேட்டவ, தங்கச்சி. பென்சன் எடுத்தும் காது சும்மா இரிக்குதில்ல. நான் அந்தக் காத ஏத்தி இறக்குற ஆள்.”

பத்து மணிக்குள் ஓட்டோ எங்கள் வீட்டு வளவுக்குள் வந்து நின்றது. கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. மிஸ் உறையைக் கையில் எடுக்கவில்லை. ஆணிக்கு நேரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அது தொங்கும் விதத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, இதைப் பற்றி உதயரூபன் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்.

எனக்கு அது ஞாபகம் இருந்தது. மறக்க முயன்றும் முடியாமல் இருந்தது. அன்று மத்தியானம் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கத்தியை உறையில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, காதோரம் ஆட்டிப் பார்த்தார்.

“கத்தி உறைக்குள்ள ஆடுது, புள்ள. போன வருசம் ஆடல்ல” என்றார்.

அப்படியானால் ஒரு துணியைச் சுற்றிப் போடுங்கள் என்று தலை நிமிராமலே சொன்னேன். பதினேழு வருடம் ஒன்றாக இருந்துவிட்டு நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மிஸ் அதை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டார். அடுத்து, அவர் உறையின் உள்பக்கத்தை எப்படித் துப்புரவு செய்வார் என்று கேட்டார். கண்ட மாதிரியே சொன்னேன். வெல்லாவெளி மில்லில் எடுத்த சிவப்பரிசித் தவிட்டை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியபின் உறைக்குள் வாய்மட்டம் கொட்டி, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குலுக்குவார். பிறகு கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினால் அழுக்கையும் பழைய எண்ணெயையும் இழுத்துக்கொண்டு தவிடு மணல் மாதிரிக் கொட்டிவிடும். கடைசியில் ஒரு கோழி இறகை உள்ளே விட்டுச் சுழற்றுவார். தண்ணீர் மட்டும் காட்டவே மாட்டார். ஒட்டு மரம், தண்ணீர் பட்டால் பொருத்து விட்டுவிடும் என்பார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேலிப்படலை திறக்கும் சத்தம் கேட்டது.

“மங்கை, ஆர் வந்திரிக்கிற?”

கோணாமலை அத்தானின் குரல். என் பெரியம்மாவின் மகள் கண்ணகை அக்காவின் புருசன். கோயில் வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகம் முழுக்க அவர் பொறுப்பில். அடுத்த வளவுதான் அவர்கள் வீடு. என் கணவரை வாவியிலிருந்து தூக்கி வந்தவரும், பாடையில் முன்பக்கம் பிடித்தவரும் அத்தான்தான். ஆனாலும் அந்த உறையை எவர் கண்டாலும் என் தம்பி முடிந்தான்.

உசனார் ஆணியிலிருந்து உறையைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தார். குசினி வாசலில் கோழிகளுக்கென்று வைத்திருந்த தவிட்டுச் சாக்கு திறந்து கிடந்தது. உறையை வாய்ப்பக்கமாக அதற்குள் குத்தி இறக்கி, மேலே தவிட்டை இழுத்து மூடிவிட்டுச் சாக்கின் பக்கத்தில் சாவகாசமாகக் குந்திக்கொண்டார்.

அத்தான் இரண்டு இளநீரோடு உள்ளே வந்தார். மிஸ் எழுந்து வணக்கம் சொல்லி, பெண்கள் சங்கத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். அத்தானின் பார்வை உசனாரிடம் போனது.

“நானும் சங்கந்தான் அண்ண” என்றார் உசனார். “கூட்டத்துக்குக் கதிர தூக்குற பிரிவு.”

அத்தான் சிரிக்கவில்லை. நாளைத் தவணைக்குத் தானும் வருவதாகவும், தம்பி செய்ததை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று யாரோ சொன்னதாகவும் என்னிடம் சொன்னார். என் கணவரின் சாவுக்குப் பிறகு தினமும் இதை ஒருவிதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பேசும்போது இடது மணிக்கட்டைச் சொறிந்தார். காப்பு கட்டியிருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையம் தெரிந்தது. சடங்குக்காகக் கோயிலில் ஆறு பேர் கையில் மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு வைத்துக் காப்புக் கட்டுவார்கள். சடங்கு முடியும் வரை அதை அவிழ்ப்பதில்லை. அத்தான் மட்டும் செத்தவீட்டன்று, சகலனின் சாவுத் துடக்கு எனக்கும்தான், தீட்டோடு காப்புக் கட்டியிருக்கக் கூடாது, கழற்றி வாவியில் விட்டுவிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதைக் கேட்டுப் பெண்கள் இன்னும் பெரிதாக அழுதார்கள். நானும்தான்.

போகும்போது அவர் சாமியறை வாசலில் நின்று ஆணியைப் பார்த்தார்.

“உறை இன்னும் ஆப்புடல்ல, என்னகா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். படலை மூடும் சத்தம் கேட்கும் வரை எவரும் அசையவில்லை. வேலிக்கு அப்பால் அவர் தன் முற்றத்தில் வலையை விரித்துக்கொண்டு உட்காருவது தென்னங்கிடுகு இடைவெளியில் தெரிந்தது. எங்கள் குசினிக்கும் அவருக்கும் இடையில் இருபது அடி இருக்கும். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் குசுகுசுப்பில்தான்.

உசனார் சாக்கிலிருந்து உறையை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். வாயோரத்திலிருந்து கொஞ்சம் தவிடு கொட்டியது. திரும்பவும் தட்டினார். ஒன்றும் வரவில்லை. உள்ளே விரலை விட்டுப் பார்த்து என்னிடம் நீட்டினார். தவிடு மாப்போல ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

மிஸ்ஸின் முகம் மாறியது. நல்லவேளை சாக்குக்குள் போட்டீர்கள் என்று உசனாரிடம் சொல்லிவிட்டு, மெதுவாக விளக்கினார். வெளியே தொட்டால் காய்ந்த மரம், உள்ளே இன்னும் ஈரம். இந்தக் கச்சானில் ஒன்பது நாள் ஈரம் நிற்காது. ஆக, கொலை நடந்த அன்று எவரும் இதைக் கழுவவில்லை. நேற்றோ முந்தாநாளோதான் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். கொலைகாரன் எட்டு நாள் ஏன் காத்திருக்க வேண்டும்? கழுவியவன் அதைத் தூக்கி வாவியில் போடாமல் இங்கே கொண்டுவந்து தொங்கவிடுவானேன்?

“கோயில் ஆக்களாயிருந்தா?” என்று கேட்டேன்.

“கோயில் ஆக்களுக்குத்தான் தெரியுமே, தண்ணி காட்டக் கூடாதெண்டு” என்றார் மிஸ். “இது வேலை தெரியாத ஆள். ஆனா மரியாதை தெரிஞ்ச ஆள்.”

நான் ஈர்க்குக் கட்டிலிருந்து நல்ல முற்றிய ஈர்க்கு ஒன்றை உருவிக் கொடுத்தேன். அதன் நுனியில் பஞ்சைச் சுற்றி மிஸ் உறைக்குள் விட்டார். உள்ளே போன ஈர்க்கு ஓரிடத்தில் நின்றுவிட்டது. நின்ற இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்துக்கொண்டு வெளியே இழுத்து, உறையின் வெளிப்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தார். இரண்டு விரல் கட்டை குறைந்தது. நுனியில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் நாங்கள் பார்த்தது பஞ்சைத்தான். இரத்தமாக இருக்கும் என்று பயந்து நான் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது பஞ்சு மஞ்சளாக இருந்தது.

மஞ்சள் தண்ணீர். துடக்குக் கழிக்க வீடெல்லாம் தெளிப்பது. இரத்தம் பட்ட சாமிச் சாமானுக்கு யாரோ துடக்குக் கழித்திருக்கிறார்கள்.

உசனார் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார். அடுத்த நொடி வாயையும் மூக்கையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் மூன்று தும்மல் தும்மினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“மிஸ், இதுக்குள்ள மஞ்சள் தனிய வரல்ல” என்றார். “செத்தல் மிளகாயையும் கூட்டிக்கு வந்திரிக்கு.”

மிஸ் என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் குசினித் தட்டிலிருந்து மஞ்சள் டின்னைக் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்தால் மஞ்சளின் மேல் அங்கங்கே சிவப்புப் பொடி. நான் இந்த எட்டு நாளும் அடுப்படிக்கே போகவில்லை. சமைத்தது ஒரே ஒரு ஆள். எத்தனை தரம் சொன்னாலும் மிளகாய்த் தூள் அள்ளிய அதே கரண்டியை மஞ்சள் டின்னுக்குள் போடுகிற ஆள். அதற்காகவே சின்ன வயதிலிருந்து நான் சண்டை பிடித்த ஆள்.

உறையைக் கழுவியது என் வீட்டுக் குசினியில், என் டின் மஞ்சளில், கண்ணகை அக்கா.

அப்படி இருக்காது என்று நான் சொன்னேன். தாய் செத்தபோது நிலோஜனுக்கு நாலு வயது. அவனைக் குளிப்பாட்டி ஊட்டி வளர்த்தது அக்காதான். அவனை மறியலில் போட்டு வைத்துவிட்டு இதை மறைக்க அவளால் முடியாது. மிஸ் மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. உறையை எடுத்துக் குசினி வாசல் படியில், நல்ல வெயிலில், வேலிப்பக்கம் தெரியாதபடி தவிட்டுச் சாக்கின் மறைவில் கிடத்தினார். பிறகு, அக்கா எத்தனை மணிக்குச் சோறு கொண்டுவருவா என்று கேட்டார்.

அக்கா பன்னிரண்டரைக்கு வந்தாள். கையில் மூடிய சோற்றுப் பெட்டி. மிஸ்ஸையும் உசனாரையும் கண்டு தயங்கி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் கால் வைத்தாள். அப்போதுதான் உறையைக் கண்டாள். பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டுக் குனிந்து உறையை நிழலுக்கு இழுத்தாள்.

“என்னகா இது, வெயில்ல போட்டுக் கிடக்கு? பொருத்து விட்டிரும். உள்ளுக்க இன்னும் காயல்ல.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. உறை கிடைத்ததென்றே நாங்கள் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அது உள்ளே ஈரமாயிருப்பது கழுவிய கைக்கு மட்டும்தான் தெரியும். அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்தான் கேட்டேன்.

“ஏன் அக்கா?”

“அம்மன்ர சாமான். ரத்தத்தோட என்ர வீட்டில வச்சிரிக்க எனக்கு ஏலாம இருந்திச்சு.”

மிச்சத்தை அவள் வேலிப்பக்கம் பார்த்துப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தத் திங்கள் இரவு அத்தான் இடுப்பு வரை நனைந்து வந்தார். மூன்றாம் நாள் கோழிக்கூட்டைக் கூட்டும்போது கூரைக் கிடுகுக்குள் உறை இருந்தது; காட்டிக் கேட்டபோது அவர் சொல்லிவிட்டார். நிலோஜனின் தோணிப் பலகை இடுக்குக்குள் கத்திதான் போனதாம், வளையம் போட்ட உறை போகவில்லையாம். தீ வைக்கவும் தண்ணீரில் விடவும் அத்தானுக்கே பயம், அம்மனுடையதாயிற்றே. பழைய கத்தியைப் போன வருடச் சடங்கு முடிந்த கையோடு கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்கு விற்றுவிட்டு, கொல்லரிடம் புதிதாக ஒன்று அடிப்பித்து வைத்தபோது மட்டும் அந்தப் பயம் வரவில்லை.

கத்தி உறைக்குள்ள ஆடுது, புள்ள. எனக்கு அப்போதுதான் அது விளங்கியது. நூறு வருடமாக ஒரு கத்தி குடைந்து வைத்திருந்த இடத்தில் வேறு கத்தி எப்படிப் பொருந்தும்? உறையின் உள்பக்கத்தை என் கணவரைப் போல அறிந்தவர் வேறு எவருமில்லை. அவர் கத்தியை எடுத்துக்கொண்டு கோயிலடிக்குப் போனது அதை அத்தானிடம் கேட்கத்தான். கதவு திறக்கிற அன்று ஊர் முன்னால் சொல்லிவிடுவேன் என்றிருக்கிறார். அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதைப் பொலிஸில் சொல்வாயா என்று மிஸ் கேட்டார். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“கோயில் வாசல்ல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் வாங்கினவர் மிஸ். வாயால ஒரு சொல்லு சொன்னா என்ர ரெண்டு கண்ணும் போகும்.”

“இப்ப எங்களிட்டச் சொன்னது?” என்றார் உசனார் மெதுவாக.

“உறை கிடைச்சிட்டு எண்டா மறுகா சொல்றதுக்கு என்ன இரிக்கு?” என்றவள் உறையின் நுனியைத் தொட்டாள். “நீங்க இன்னும் முழுக்கத் துடைக்கல்ல.”

மிஸ் நிமிர்ந்தார். நுனியில் ஏதோ அடைத்திருப்பதைத் தானும் கண்டதாகவும், கழுவும்போது அக்காவும் கண்டிருக்க வேண்டுமே என்றும் சொன்னார். அக்கா அதற்குச் சொன்ன பதிலை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

“கண்டன். ஈர்க்கு முட்டிச்சு. இழுத்திருந்தா வந்திரிக்கும். ரத்தத்தைக் கழுவினன், அத எடுக்கல்ல. உள்ளுக்க துடைக்கிற ஆள் ஆரும் வந்தா அவங்கட கைக்கு வரட்டும் எண்டு விட்டன். வாயால சொல்லாத எண்டுதானே சத்தியம் வாங்கினவர். கையால சொல்லாத எண்டு கேக்கல்லயே.”

நான் சாமியறைக்குப் போய் என் கணவரின் தூண்டில் பெட்டியை எடுத்து வந்தேன். திரளி மீன் பிடிக்கிற சின்னத் தூண்டில் முள்ளை ஈர்க்கின் நுனியில் நூலால் கட்டினோம். உசனார் அதை வாங்கிக்கொண்டார். மீன் பிடிக்கப் போய் ஒருநாளும் ஒன்றும் ஆப்பிட்டதில்லை, இன்றைக்காவது பார்ப்போம் என்று முணுமுணுத்தபடி ஈர்க்கை உள்ளே விட்டுச் சுழற்றினார். முதல் தரம் வெறும் தூண்டில் வந்தது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் ஏதோ இறுகிப் பிடித்து, விட்டு, பிடித்து, வெளியே வந்தது.

மஞ்சள் நூல். மூன்று புரி. நடுவில் சின்ன மஞ்சள் துண்டு, ஒரு பக்கம் கறுத்திருந்தது. முடிச்சு அவிழவில்லை. நூல் ஒரே இடத்தில் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. என் கணவர் தடுத்துப் பிடித்திருக்கிறார். அந்த இழுபறியில் கத்தி காப்பை அறுத்திருக்கிறது. அவசரத்தில் கத்தியை உறையில் செருகியபோது, அதில் ஒட்டியிருந்த நூலைக் கத்தியே நுனிவரை கொண்டுபோய் அடைத்திருக்கிறது.

நிலோஜன் அந்த வருடம் காப்புக் கட்டவில்லை. கட்டிய ஆறு பேரில் ஐந்து பேர் கையில் இன்னும் இருந்தது. ஆறாவது ஆளான அத்தான் செத்தவீட்டன்று சொன்னதை மிஸ்ஸிடம் சொன்னேன்.

“ஆறாம் ஆள் துடக்கெண்டு கழட்டிட்டார் எண்டு சொன்னீங்களே” என்றார் மிஸ். “நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போற ஆள். எனக்கு இது தெரியா. சகலனுக்குத் துடக்கு இரிக்கா, மங்கை?”

அந்தக் கேள்வி என்னை அடித்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் துடக்குத் தாய்வழிக் குடியை, அதாவது குலத்தை, பிடித்துத்தான் போகும். உதயரூபன் ஒரு குடி, அத்தான் வேறு குடி. சகலன் முறைக்குத் துடக்கே இல்லை. அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாசத்தில் கூடுதலாகத் துடக்குக் காக்கிறார் என்று எண்ணி அத்தனை பேரும் அழுதோமே தவிர, எவரும் அதை யோசிக்கவில்லை. இல்லாத துடக்கைச் சொல்லி வெறுங்கையை மறைத்திருக்கிறார்.

மிஸ் நூலை வெள்ளைக் கடதாசியில் வைத்து மடித்தார். நிலோஜனின் லோயருக்குப் போன் எடுத்துத் தணிந்த குரலில் விசயத்தைச் சொன்னார். பொலிஸோடு வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார்கள். உசனார் எழுந்து, ஓட்டோவில் ஏதோ பழுதென்கிற பாவனையில், அதைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு வளவுக்கும் பொதுவான ஒழுங்கைப் பாதையின் வாயில் குறுக்கே நிறுத்தினார்.

அப்போது வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“கண்ணகை.”

ஓம், வாறன் என்று அக்காவின் வாய் தன்னாலே அசைந்தது, சத்தம் வரவில்லை. போகாவிட்டால் அவருக்கு விளங்கிவிடும் என்று எழும்பினாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எட்டு நாள் எனக்குச் சோறு குழைத்துத் தீத்திய கை. மஞ்சளும் மிளகாயும் மணத்தது. அந்தக் கையின் சொந்தக்காரியை அந்த வீட்டுக்குத் திரும்ப அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

“கண்ணகை. என்ன இவ்வளவு நேரம்?”

குரல் இப்போது வேலிக்கு ஒட்ட வந்திருந்தது. மிஸ் என் காதில், அக்கா தலை முழுகுகிறாள் என்று மட்டும் சொல், வேறு ஒன்றும் பேசாதே என்றார். நான் குசினி யன்னலுக்குப் போனேன். அத்தான் வேலிமேல் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு நின்றார். வலைப்பின்னல் ஊசி வலது கையில் இருந்தது.

“அக்கா தலை முழுகுறா, அத்தான். பிந்தித்தான் வருவா.”

“இந்த நேரத்தில என்ன முழுக்கு?”

நான் யன்னலை விட்டு வந்திருக்க வேண்டும். மிஸ் பின்னாலிருந்து என் சேலையை இழுத்தார். ஆனால் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நான் அவருடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெளுத்த வளையம் வெயிலில் நன்றாகத் தெரிந்தது. பயத்திலா, வேறெதிலா என்று எனக்கே தெரியாமல் சொல் வந்துவிட்டது.

“துடக்கு வீட்டில நிண்டு சமைச்சவ. முழுகாம வண்ணக்கர்ர வளவுக்குள்ள வரலாமா? உங்களுக்குத்தான் துடக்கு இல்லையே, அத்தான்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலால் சாமியறைப் பக்கம் பார்த்தார். பின்னல் ஊசி விழுந்தது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. வேலிக்கு மேலே இருந்த வலது கை மெல்ல நகர்ந்து வந்து, இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டது.